வாறவைக்குச் செற்றி, இருக்கிறவைக்குப் பிளாஸ்ரிக் கதிரை

கொழும்பில் எங்கட ஆக்களின் வீடுகளில் ஆகக் கூடின விலை குடுத்து வாங்கின தளபாடம் எது என்று கேட்டால், பெரும்பாலும் ஹோலில் கிடக்கிற செற்றிதான். ஆகக் குறைவாகப் பாவிக்கிற தளபாடம் எது என்று கேட்டாலும் அதே செற்றிதான். இரண்டு கேள்விக்கும் ஒரே பதில் வருகிறதென்றால் எங்கயோ பிழைக்குது. அந்தப் பிழையைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

வெள்ளவத்தையில் எந்தத் தொடர்மாடிக்குள்ளும் போய்ப் பாருங்கோ. இராமகிருஷ்ண வீதியாக இருக்கட்டும், ஹம்டன் லேனாக இருக்கட்டும். கொட்டாஞ்சேனையில் ஜம்பட்டா வீதிப் பக்கம், கதவைத் திறந்தாலே ஹோல் முடிந்துபோகிற சின்ன வீடுகளிலும் கதை இதுதான். ஹோலின் முக்கால்வாசியை ஒரு எல் வடிவச் செற்றி பிடித்துக்கொண்டிருக்கும். கடையில் சுற்றிக் குடுத்த பொலித்தீனைச் சில வீடுகளில் இன்னும் கழற்றியிருக்க மாட்டினம். கழற்றியிருந்தால் மேலே ஒரு விரிப்பு, அந்த விரிப்பு ஊத்தையாகாமல் இருக்க அதற்கு மேலே ஒரு துவாய். அம்மம்மா பல்கனிக் கதவடியில் பிளாஸ்ரிக் கதிரையில் இருப்பா. அம்மா குசினி வாசலில் சின்ன ஸ்ரூலில் இருந்து வெங்காயம் உரிப்பா. பிள்ளைகள் நிலத்தில் இருந்து, செற்றியை முதுகுக்கு முண்டு குடுத்துக்கொண்டு போன் பார்ப்பினம். லட்சக்கணக்கில் குடுத்து வாங்கினது சாய்ந்திருக்க ஒரு சுவர்.

அப்ப இந்தச் செற்றி ஆருக்கு? வாறவைக்கு. ஓகஸ்ட்டில் நல்லூர்த் திருவிழாவுக்குப் போகிற வழியில் இரண்டு நாள் தங்கிற கனடா மாமாவுக்கு. பெண் பார்க்க வாற ஆக்களுக்கு. வாடகை கேட்டு வாற வீட்டுக்காரருக்கு. ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பாருங்கோ. மாதத்தில் இரண்டு தரம் ஆக்கள் வந்து, ஒவ்வொரு தரமும் ஒரு மணித்தியாலம் இருந்தால், வருடத்துக்கு 24 மணித்தியாலம். வீட்டில் இருக்கிற ஒருவர் ஒரு நாளைக்கு நாலு மணித்தியாலம் இருந்தால், வருடத்துக்கு 1,460 மணித்தியாலம். 24 மணித்தியாலத்துக்காக ஒரு சாமானை வாங்கிவிட்டு 1,460 மணித்தியாலத்தைப் பிளாஸ்ரிக் கதிரையில் கழிக்கிறதை என்ன கணக்கு என்று சொல்லுறது?

எங்கட பெற்றோரைப் பகிடி பண்ணுவதற்காக இதை எழுதவில்லை. அவர்களுக்கும் வீட்டுத் தளபாடத்துக்கும் நடுவில் ஒரு வரலாறு கிடக்கிறது. 1983 ஜூலையில் கொழும்பில் தமிழர் வீடுகளுக்குள் புகுந்த கும்பல்கள் தளபாடங்களைத் தெருவில் இழுத்துப் போட்டுக் கொளுத்தின. வெள்ளவத்தையும் கொட்டாஞ்சேனையும் அதற்குத் தப்பவில்லை. 2007 ஜூன் 7ஆம் திகதி அதிகாலையில் இதே வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை, புறக்கோட்டை லொட்ஜுகளில் இருந்த தமிழர்கள் 376 பேரைப் பொலிசார் எழுப்பி, பஸ்களில் ஏற்றி வடக்குக் கிழக்குப் பக்கம் அனுப்பினார்கள். அடுத்த நாள் உயர் நீதிமன்றம் தலையிட்டுத் தடுத்தது. இப்படியான நகரத்தில் வாழ்ந்த ஒரு தலைமுறை, ஒரு சூட்கேசுக்குள் அடங்காத எதையும் வாங்கப் பயந்ததில் அதிசயம் இல்லை. பிளாஸ்ரிக் கதிரை மலிவு என்பதற்காக மட்டும் எங்கட வீடுகளுக்குள் வரவில்லை. விட்டுவிட்டுப் போனாலும் மனம் நோகாது என்பதற்காகவும் வந்தது.

பிறகு யுத்தம் முடிந்தது, வெளிநாட்டுக் காசு வந்தது, வங்கிக் கடன் வந்தது, ஆக்கள் பிளட் வாங்கினார்கள். அப்போது வாங்கின செற்றி "நாங்கள் இஞ்சதான் இருக்கிறம், நல்லாத்தான் இருக்கிறம்" என்று ஊருக்குச் சொல்ல வாங்கின செற்றி. அந்த ஆசை எங்களுக்கு விளங்குகிறது. ஆனால் ஊருக்குக் காட்ட வாங்கின சாமானில் வீட்டுக்காரருக்கு இடமில்லாமல் போனது. பயத்தில் ஒன்றும் வாங்காமல் இருந்தவர்கள், பவிசுக்கு வாங்கிவிட்டு இருக்காமல் இருக்கிறார்கள். இரண்டு காலத்திலும் அம்மாவின் நாரிநோ அப்படியேதான் இருக்கிறது.

ஆகவே நாங்கள் சொல்ல வருவது இதுதான்: செற்றி என்பது வீட்டில் ஆகக் கூடின நேரம் இருக்கிற உடம்புக்கு வாங்க வேண்டிய சாமான். அந்த உடம்பின் முழங்கால், நாரி, உயரம், அந்த வீட்டின் காற்று, அந்த வீட்டின் வாடகை ஒப்பந்தம், இவைதான் முதல் கேள்விகள். நிறம் கடைசிக் கேள்வி.

கடைகளில் இது தலைகீழ். காலி வீதியில் நாங்கள் ஏறி இறங்கின தளபாடக் கடைகளில் முதலில் காட்டுவது நிறம். அடுத்தது கப் வைக்கிற ஓட்டை. அதற்கடுத்தது முதுகில் பதித்த பளபளப் பொத்தான். உள்ளுக்கு என்ன மரம், என்ன ஸ்பொஞ்ச், என்ன ஸ்பிரிங் என்று கேட்டால், "அது நல்ல சாமான் தம்பி, ஒண்டும் ஆகாது" என்பதோடு பேச்சு முடிகிறது. 2022இல் டொலர் 200 ரூபாவில் இருந்து சில மாதங்களுக்குள் 360 வரை ஏறினது, 2024 ஜனவரியில் வற் வரி 18 வீதமானது எல்லாம் எங்களுக்குத் தெரியும். விலை ஏறினதற்குக் காரணம் இருக்கிறது. உள்ளுக்கு என்ன இருக்கிறதென்று சொல்லாமல் விடுவதற்குக் காரணம் இல்லை. ஒரு கிலோ பருப்பு வாங்கினால் உள்ளங்கையில் போட்டுப் பார்க்கிற சனம், செற்றியை மட்டும் கண்ணை மூடிக்கொண்டு வாங்குவது ஏன்?

முதல் எதிரி ரெக்ஸின். இன்றைக்குக் கடைகளில் "லெதர் மாதிரி" என்று விற்கப்படுவதில் பெரும்பங்கு, துணிக்கு மேல் பொலியூரித்தேன் பூசின தோல் வேஷம். அந்தப் பூச்சை ஈரப்பதன் மெல்ல மெல்ல உடைக்கும். சூடும் சேர்ந்தால் இன்னும் கெதியாக உடைக்கும். கொழும்பின் காற்றில் வருடத்தின் பெரும்பகுதி ஈரப்பதன் 70 வீதத்துக்கு மேலேதான். இரண்டு, மூன்று வருடத்தில் செற்றியின் தலை சாய்க்கிற இடமும் கை வைக்கிற இடமும் முதலில் வெடித்து, பிறகு கறுப்புச் செதில் செதிலாக உரிந்து, உடுப்பிலும் தலைமயிரிலும் ஒட்டுவதைப் பார்க்காத வீடு குறைவு. ஒருக்கால் உரியத் தொடங்கினால் ஒட்டவும் ஏலாது, தைக்கவும் ஏலாது. அதோடு வேர்க்கிற ஊரில் வேர்வை உறிஞ்சாத மேல்தோல் எதற்கு? ஏப்ரல் மாதத்து வெக்கையில் அதில் இருந்து எழும்பும்போது தொடை ஒட்டுகிற சத்தம் ஒன்றே போதும். அதுக்குத்தான் விரிப்பு, அதுக்கு மேல துவாய். பருத்தி, கான்வஸ், இறுக்கமாக நெய்த துணி எதுவாகவும் இருக்கட்டும். ஆனால் சிப் வைத்துக் கழற்றித் துவைக்கிற உறையாக இருக்க வேண்டும். துவைக்கக் கூடிய உறை இருந்தால் பொலித்தீன் தேவையில்லை, பிள்ளையைப் பேசத் தேவையில்லை, தேத்தண்ணி ஊத்துப்பட்டால் சண்டை தேவையில்லை.

இரண்டாவது ஸ்பொஞ்ச். கடையில் ஒரு நிமிசம் இருந்து பார்த்து "மெத்தெண்டு இருக்கு" என்று முடிவெடுக்கிறோம். மெத்தென்று இருப்பது வேறு, நீடித்து உழைப்பது வேறு. ஸ்பொஞ்சின் அடர்த்தியை டென்சிட்டி என்று சொல்வார்கள். ஒரு கன மீற்றர் ஸ்பொஞ்ச் 30 கிலோ நிறுத்தால் அது 30 டென்சிட்டி. இருக்கிற இடத்துக்கு 30க்குக் குறையாமல், ஏலுமென்றால் 35, 40 என்று கேளுங்கோ. அதற்குக் கீழே போகப் போக, உட்காருகிற இடம் கெதியாகக் குழிவிழும். குழி விழுந்த செற்றியில் இருந்து அறுபது வயசு ஆள் எழும்புவது, சேற்றுக்குள் இருந்து எழும்புகிற மாதிரி. முதுகுக்கு மெதுவான ஸ்பொஞ்ச் போதும், இருக்கைக்குக் கெட்டியானதுதான் வேணும். இறப்பரும் தென்னந்தும்பும் ஏற்றுமதி செய்கிற நாடு இது. இறப்பர் பாலில் செய்த மெத்தையும், இறப்பர் கலந்த தும்புத் தட்டும் இங்கேயே செய்யப்படுகின்றன. கேட்கிற ஆள் இல்லாததால் கடைக்காரர் காட்டுவதில்லை.

மூன்றாவது சட்டம். துணியைக் கழற்றிப் பார்க்க விடமாட்டார்கள். ஆனால் செற்றியைக் கவிழ்த்துப் பார்க்கலாம். அடியில் அடித்திருக்கிற மெல்லிய கறுப்புத் துணியின் ஒரு மூலையைத் திறந்து காட்டச் சொல்லலாம். உள்ளே மரமா, சிப்போட்டா என்று அப்ப தெரியும். மூலைகளில் ஸ்ரேப்பிள் மட்டுந்தானா, அல்லது மரத்தை மரத்துக்குள் செருகி, பசையும் ஸ்குரூவும் போட்டு, மூலைக்கட்டையும் வைத்திருக்கிறதா என்று தெரியும். சிப்போட் ஈரம் குடித்து ஊதும். ஊதினால் ஸ்குரூ பிடிக்காது. இன்னொரு சோதனைக்கு ஒருவரின் அனுமதியும் தேவையில்லை. முன்கால் ஒன்றை ஓர் ஆறு அங்குலம் தூக்குங்கோ. மற்ற முன்காலும் கூடவே எழும்பினால் சட்டம் இறுக்கம். அது நிலத்திலேயே கிடக்க, நடுவில் சட்டம் முறுகினால், வணக்கம் சொல்லிவிட்டு வெளியே வாங்கோ. மரைன் டிரைவ் பக்கம் இருக்கிறவைக்கு ஒரு மேலதிகக் கேள்வி: ஸ்பிரிங்குக்குத் துருப்பிடிக்காத பூச்சு இருக்கா? கடல் உப்பு உங்கட ஏசி இயந்திரத்தைத் தின்கிற மாதிரி செற்றியின் வயிற்றையும் தின்னும்.

நாலாவது அளவு. இதில்தான் எங்களுக்கு ஆகக் கூடின கோபம். இப்போது ஸ்ரைலாக வருகிற செற்றிகள் நிலத்தோடு நிலமாகப் பதிந்து, இருக்கை 24 அங்குலம், அதற்கும் மேல் ஆழமாக இருக்கின்றன. ஆறடி உயர உடம்பு கால் நீட்டிச் சாய்ந்து கிடக்கச் செய்த அளவு அது. ஐந்தடி உயரமுள்ள எங்கட அம்மாமார் அதில் முதுகு முட்ட இருந்தால் பாதம் நிலத்தில் முட்டாது. பாதம் முட்ட இருந்தால் முதுகுக்குச் சாய்வு இல்லை. அதனால்தான் அவர்கள் விளிம்பில், எழும்பப் போகிறவர் மாதிரி இருக்கிறார்கள். வெட்கத்தால் அல்ல, அளவு பிழை. இருக்கையின் உயரம் நிலத்தில் இருந்து 17, 18 அங்குலம், ஆழம் 20, 21 அங்குலம், கையூன்றி எழும்பத் தக்க கெட்டியான கைப்பிடி. இந்த மூன்றும் இருந்தால் முழங்கால் நோ உள்ள ஒருவர் மற்றவரைக் கூப்பிடாமல் தானாக எழும்பலாம். ஒரு வயசான ஆளுக்கு அது சின்ன விசயமில்லை. தண்ணி குடிக்க, கக்கூசுக்குப் போக, ரீவியை நிப்பாட்ட இன்னொருவரின் கையை எதிர்பார்க்காமல் இருக்கிறது ஒரு சுதந்திரம்.

ஐந்தாவது, அந்த எல் வடிவம். சொந்த வீடு, பெரிய ஹோல், நிரந்தர மூலை என்றால் வாங்குங்கோ, ஆர் வேண்டாமென்றது. ஆனால் எங்களில் எத்தனை பேர் ஒரு வருட, இரண்டு வருட ஒப்பந்தத்தில் இருக்கிறோம்? இந்த வீட்டில் இடப்பக்க மூலைக்குப் பொருந்தின எல், அடுத்த வீட்டில் வாசலை மறிக்கும். சில தொடர்மாடிகளின் லிப்ற்றுக்குள் நாலு பேர் நின்றாலே மூச்சு முட்டும், செற்றி எங்கே நுழையும்? பிறகு ஆறாம் மாடிக்குப் படியால் தூக்க ஆள் பிடித்து, சுவரில் உரசி, கீழ் வீட்டு அன்ரியிடம் பேச்சு வாங்கி, கடைசியில் பல்கனியால் கயிறு கட்டி இழுக்கிறது. வாடகை வீட்டுக்காரருக்கு நாங்கள் சொல்வது: இரண்டு பேர் இருக்கிற ஒன்று, தனிக்கதிரை இரண்டு, தேவையென்றால் கால் நீட்ட ஒரு குட்டி ஸ்ரூல். பிரித்துப் போடலாம், சேர்த்துப் போடலாம், ஒன்று பழுதானால் ஒன்றை மட்டும் மாற்றலாம். ஊரில் இருந்து பாஸ்போட் எடுக்க, விசாவுக்கு என்று வந்து படுக்கிற சொந்தம் இருந்தால், இருவர் இருக்கைக்குப் பதிலாக ஆறடி நீளத்தில் ஒன்று. வாங்க முதல் லிப்ற்றின் கதவு, படித் திருப்பம், வீட்டு வாசல் மூன்றையும் அளந்துகொண்டு போங்கோ.

எங்கே போவது? வெள்ளவத்தையில் 101 பஸ்ஸில் ஏறினால் மொறட்டுவை. நாட்டின் தச்சு வேலைக்குப் பெயர்போன ஊர் காலி வீதியிலேயே இருக்கிறது. அங்கே உங்கள் அளவைச் சொல்லி, மரத்தைச் சொல்லி, சட்டத்தைக் கண்ணால் பார்த்துவிட்டுக் குஷன் அடிக்கச் சொல்லலாம். தேக்குக்குக் காசு காணாதென்றால் மலிவான மரங்களும் இருக்கின்றன, சிப்போட்டை விட எதுவும் மேல். கண்டி வீதியில் ரதாவடுன்னைப் பக்கம் பிரம்புத் தளபாடம் செய்கிறார்கள். பிரம்பு பாரமில்லை, காற்றுப் போகும், வீடு மாறும்போது ஒருவரே தூக்கலாம். எங்கட பழைய சாய்மனைக் கதிரையும் இந்த நாட்டு வெக்கையை நினைத்துச் செய்த சாமான்தான். இன்னொரு வழியும் உண்டு. அப்பப்பா காலத்து மரச் செற்றியை "பழசு" என்று பழைய சாமான்காரரிடம் தூக்கிக் குடுக்காதேங்கோ. மரம் நல்லதென்றால் புது மெத்தையும் புது உறையும் போட்டால் இன்னும் இருபது வருடம் போகும். மூன்று வருடத்தில் உரிகிற ஒன்றைத் தவணைக்கு வாங்க, முப்பது வருடம் உழைத்த ஒன்றைத் தெருவில் எறிகிற வீடுகளை நாங்கள் பார்த்திருக்கிறோம்.

தவணை என்றதும் ஒரு சொல். இரண்டு லட்சம் ரூபா செற்றியை மாதம் 11,500 ரூபாப்படி 24 மாதம் கட்டினால் மொத்தம் 276,000 ரூபா. அந்த 76,000 ரூபா ஸ்பொஞ்சுக்குள்ளும் போகவில்லை, மரத்துக்குள்ளும் போகவில்லை. செற்றி உரியத் தொடங்கும்போதும் கட்டிக்கொண்டிருப்பீர்கள். வட்டியில்லாத் தவணை என்றால், கைக்காசுக்கு எவ்வளவு குறைப்பீர்கள் என்று கேளுங்கோ. குறைப்பதாகச் சொன்னால், அந்தத் தொகைதான் வட்டி. வாரண்டி பத்து வருடம் என்றால் எதற்குப் பத்து வருடம் என்று எழுதி வாங்குங்கோ. சட்டத்துக்கா, ஸ்பொஞ்சுக்கா, துணிக்கா? பற்றுச்சீட்டில் மரத்தின் பெயரும் டென்சிட்டியும் எழுதச் சொல்லுங்கோ. எழுத மாட்டோம் என்றால் அதுவே பதில். ஏமாற்றினால் முறையிட நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபை இருக்கிறது, 1977 என்ற இலக்கம் இருக்கிறது. பற்றுச்சீட்டு இல்லாமல் அந்த இலக்கத்தால் பெரிதாகப் பிரயோசனம் இல்லை.

"எல்லாம் சரி, வாற சனம் என்ன நினைக்கும்?" என்று கேட்பார்கள். நல்ல செற்றியில் வாறவையும் நல்லாத்தான் இருப்பினம். அம்மம்மாவுக்குச் சுகமான இருக்கை கனடா மாமாவுக்குக் குத்தாது. செற்றியைப் பார்த்துச் சம்பந்தம் பேசுகிற வீட்டுக்குள் ஒரு பெண்ணை அனுப்பத்தான் வேண்டுமா என்பதையும் ஒருக்கால் யோசியுங்கோ. இன்னொரு பக்கத்தில் எங்கட சில நண்பர்கள், "செற்றி என்பதே நுகர்வு மோகம், பாயில் இருந்தால் என்ன?" என்று கேட்கிறார்கள். பாயில் இருங்கள், உங்களுக்கு இருபத்திரண்டு வயசு. முழங்கால் தேய்ந்த ஒருவருக்குப் பாய் எளிமை இல்லை, தண்டனை. சுகமாக இருக்க ஆசைப்படுவது பணக்காரத்தனம் என்று சொல்லிச் சொல்லியே எங்கட பெண்களை எழுபது வருடமாக ஸ்ரூலில் இருத்தி வைத்திருக்கிறோம்.

கடைசியாக, எங்கட ஹோல்களில் பேசப்படாத ஒன்று. ஆர் எதில் இருக்கலாம் என்பது எங்கட சமூகத்தில் ஒருநாளும் வெறும் தளபாடப் பிரச்சினையாக இருந்ததில்லை. யாழ்ப்பாணத்துப் பாடசாலைகளில் ஒடுக்கப்பட்ட சாதிப் பிள்ளைகளை நிலத்தில் இருத்திய காலம் ஒன்று இருந்தது. 1930 அளவில் சம ஆசனம் கொண்டுவரப்பட்டபோது, பக்கத்தில் இருக்க விடமாட்டோம் என்று பாடசாலைகளையே எரித்த ஊர் அது. வாங்கிலில் ஒரு இடத்துக்காக அவ்வளவு. அந்த ஊரில் இருந்து வந்த நாங்கள், இன்றைக்குக் கொழும்புத் தொடர்மாடியில், மலையகத்தில் இருந்து வந்து எங்கட வீட்டில் வேலை செய்கிற அக்காவை எங்கே இருத்துகிறோம்? நாள் முழுக்க எங்கட செற்றியைத் தூசி தட்டுகிற அந்த ஆள், ரீவி நாடகம் பார்க்கும்போது குசினி வாசலில் நிலத்தில் இருக்கிறா. "அவவுக்கு அதுதான் பழக்கம்" என்கிறோம். எரித்தவர்களும் ஏறக்குறைய அதைத்தான் சொல்லியிருப்பார்கள். எத்தனை டென்சிட்டி ஸ்பொஞ்ச் போட்டாலும், வீட்டில் இருக்கிற ஒருவர் இருக்க முடியாத செற்றி நல்ல செற்றி இல்லை.

எனவே அடுத்த முறை தளபாடக் கடைக்குப் போகும்போது அளவு நாடாவைக் கொண்டு போங்கோ, அம்மம்மாவையும் கூட்டிக்கொண்டு போங்கோ. கடைக்காரர் நிறம் காட்டத் தொடங்க முதல் அவவை இருக்கச் சொல்லுங்கோ. கால் நிலத்தில் முட்டுதா, முதுகு சாயுதா என்று பாருங்கோ. பதினைஞ்சு நிமிசம் கழித்து, ஆரும் கை குடுக்காமல் எழும்பச் சொல்லுங்கோ. எழும்பினால் விலையைக் கேளுங்கோ. எழும்பேலாவிட்டால் அடுத்த கடை.